செம்பட்டை முடி

தாணம்மையின் மூத்திரத்தில் முதல் முடி வந்தபோது அவளைப் பெற்ற அழகியநாயகிக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பெற்றவளுக்கு அப்படி வரலாமா என்று கேட்டால், வரக்கூடாதுதான். ஆனால் வந்ததை வந்தது என்றுதானே சொல்ல வேண்டும்.

ஐப்பசி மழை விட்டதிலிருந்தே தாணம்மைக்கு நீர்க்கடுப்பு. ஒன்றுக்குப் போகும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். சில நாள் ரத்தமும் கலந்து வரும். நெருஞ்சில் கஷாயம் கொடுத்த வைத்தியர், கல் ஏதாவது விழுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார். அதற்காகப் புழக்கடையில் ஓலை மறைப்புக்குள் ஒரு மண்சட்டி வைத்திருந்தார்கள். மகள் எழுந்து போனதும் அழகியநாயகி சட்டியைச் சாய்த்துப் பார்ப்பாள். அன்று காலையும் கல் இல்லை. சட்டியின் அடியில் ஒரு முடி சுருண்டு கிடந்தது. குச்சியால் எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ஒரு சாண் நீளம் இருக்கும். நல்ல செம்பட்டை.

தாணம்மையின் தலைமுடி கருகருவென்று இருக்கும். அந்தக் குடும்பத்தில் செம்பட்டை முடி ஒருத்திக்குத்தான் இருந்தது. மூத்தவள் வடிவாம்பாளுக்கு. அவள் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"வந்துட்டியா மக்கா?" என்றாள் அழகியநாயகி, கையிலிருந்த முடியைப் பார்த்து.

தோவாளைக்குத் தெற்கே வயலும் பிச்சிப்பூத் தோட்டமுமாக இருந்த கோலப்பனுக்குத்தான் வடிவாம்பாளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எட்டு மாத வயிற்றோடு ஜன்னி கண்டு, வாய் பேசாமலே போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குப் பாரம் இறங்காது என்று ஊரில் சொல்வார்கள். அதற்காகப் பாதையோரம் ஒரு சுமைதாங்கி வைப்பது வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு நீளக் கல்லைக் குறுக்கே கிடத்துவார்கள். பூக்கூடை சுமப்பவர்களும் நெல்மூட்டை சுமப்பவர்களும் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போதெல்லாம், செத்தவளின் பாரமும் கொஞ்சம் இறங்குமாம். வடிவாம்பாளுக்கும் ஒரு சுமைதாங்கி வைத்தார்கள். அழகியநாயகி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

வருஷம் திரும்புவதற்குள் இளையவள் தாணம்மையை அதே கோலப்பனுக்குக் கட்டி வைத்தார்கள். அக்காவின் நகை, அக்காவின் சேலை, அக்கா தேங்காய் துருவிய அதே திருவலை. புருஷன் இல்லாத, ஆண்பிள்ளையும் இல்லாத அழகியநாயகி மகளோடு வந்து தங்கிவிட்டாள். சின்னவளைக் கூப்பிட வாயெடுத்தால் "வடிவு" என்றுதான் வரும். "நான் தாணம்மையாக்கும்" என்று அவளும் ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். பிறகு திருத்துவதை விட்டுவிட்டாள். "வடிவு" என்றால் "என்னம்மை?" என்று வந்து நிற்கப் பழகிக்கொண்டாள். எதற்கும் வளைந்து கொடுக்கிற பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த ஐப்பசியில் மழை மண்ணை அரித்து, சுமைதாங்கியின் குறுக்குக்கல் சரிந்து விழுந்தது. உடனே தூக்கி வைக்கச் சொன்னாள் அழகியநாயகி. "அறுப்பு கழியட்டும் அத்தை" என்றான் கோலப்பன். அவனையும் குறை சொல்ல முடியாது, வயலில் தண்ணீர் நின்றது. ஆனால் கல் விழுந்த கொஞ்ச நாளிலேயே தாணம்மைக்குக் கடுப்பு கண்டது. பிறகு முடியும் வந்தது. அழகியநாயகிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுமையை இறக்க இடமில்லாமல் மூத்தவள் தங்கைக்குள் வந்து இறங்கியிருக்கிறாள். வேறெங்கே போவாள்?

அதற்குப் பிறகு முடி வந்துகொண்டே இருந்தது. சில நாள் ஒன்று, சில நாள் சிறு கற்றை. அதோடு மஞ்சள் மெழுகுபோல ஏதோ சேர்ந்து வரும். அழகியநாயகி ஒவ்வொன்றையும் சீயக்காய் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, தேங்காயெண்ணெய் தடவி, வடிவாம்பாளின் பழைய சீப்பால் வாரி, சீப்போடு ஒரு மரச்செப்பில் வைத்தாள். சேரச் சேர நூல்போல ஒரு பின்னல் பின்னினாள். தோட்டத்திலிருந்து வரும் முதல் பிச்சிப்பூ அந்தச் செப்புக்குப் போய்விடும்.

"யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்று தாணம்மையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "உன் மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா மந்திரவாதியைக் கூட்டிட்டு வந்துருவாரு. அவன் வேப்பிலை அடிச்சு அவளை விரட்டிருவான்."

"எனக்குப் பேடியா இருக்கம்மை."

"கூடப்பிறந்தவகிட்ட என்னட்டி பயம்?"

வேறொரு தாயாக இருந்தால் மந்திரவாதியையாவது கூப்பிட்டிருப்பாள். இவள் யாரையும் அண்டவிடவில்லை. கோலப்பன் கேட்டால் "கஷாயம் கேக்குது மருமவனே" என்று கதவுக்குப் பின்னால் நின்று சொல்லிவிடுவாள்.

மத்தியான வேளைகளில் வீடு அடங்கிய பிறகு, உள்ளறையில் அழகியநாயகி செப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவாள். இன்றைக்குப் பூ விலை எப்படி, யார் வீட்டு மாடு கன்று போட்டது, எல்லாம் சொல்வாள். அடுத்த அறையில் பாயில் சுருண்டு கிடக்கும் தாணம்மை கேட்டுக்கொண்டிருப்பாள். தன்னிடம் அம்மை அவ்வளவு பேசி அவள் கேட்டதே கிடையாது. நாளாக ஆக அவளுக்கே தன் உடம்பு அந்நியமாகிவிட்டது. அடிவயிற்றில் கையை வைத்தால் உள்ளே யாரோ தலை வாரிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். கையை எடுத்துவிடுவாள்.

தை பிறந்ததும் காய்ச்சல் வந்தது. பல் கிட்டிப்போகும் அளவுக்குக் குளிர் உதறும். அப்படி ஒரு மத்தியானம், கண் மூடிக் கிடந்த தாணம்மை கட்டைக் குரலில் சொன்னாள்: "பாரமா இருக்கம்மை. இறக்கி வையேன்."

அது தாணம்மையின் குரலே இல்லை. அழகியநாயகிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. "இறக்கி வைக்கேன் மக்கா, இறக்கி வைக்கேன்" என்று அழுதபடி மகளின் வயிற்றைத் தடவினாள். அந்தத் தடவல் வயிற்றுக்குள் இருந்தவளுக்கு. வெளியே நெருப்பாய்க் கொதித்த உடம்பு அவள் கைக்குத் தெரியவே இல்லை.

வயலிலிருந்து வந்த கோலப்பனுக்குத் தெரிந்தது. வாசலில் நின்று பார்த்தவன், மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வில்வண்டியைப் பூட்டினான். நாகர்கோவிலில் பெண்களுக்கென்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தான். அழகியநாயகியும் வண்டியில் ஏறிக்கொண்டாள். மடியில் மரச்செப்பு இருந்தது.

டாக்டர் செல்லபாய் மெலிந்த பெண், வெடுவெடுவென்று பேசுவாள். திட்டியே ஆளைப் பிழைக்க வைத்துவிடுவாள் என்று அவளுக்குப் பெயர். தாணம்மையைப் பரிசோதித்துவிட்டு, எல்லாரையும் வெளியே அனுப்பினாள். அழகியநாயகி மட்டும் அசையவில்லை.

"உள்ளே என்னமோ இருக்கு" என்றாள் டாக்டர். "ஒளிக்காமச் சொல்லு மக்கா. பிள்ளை உண்டாகணும்னு எவளாவது மருந்துத்திரி வச்சாளா? குச்சி, ஈர்க்கு? வைக்கிற இடம் தப்பி மூத்திரப் பைக்குப் போயிரும். போன வருஷம் ஒருத்திக்குக் கொண்டையூசி எடுத்தேன், அதைச் சுத்திக் கல்லு கட்டிக் கிடந்தது. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"எங்க வீட்டுப் பிள்ளைகிட்ட என்ன பேச்சு பேசுகீங்க!" என்று அழகியநாயகி சீறினாள்.

தாணம்மை தாயைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். "முடி வருது" என்றாள். "அக்காவுக்க முடி."

செல்லபாய் கையை நீட்டினாள். அழகியநாயகி தயங்கித் தயங்கி மடியிலிருந்த செப்பைத் திறந்து காட்டினாள். எண்ணெய் மினுங்கும் சின்னஞ்சிறு செம்பட்டைப் பின்னல், அதன்மேல் வாடிய பிச்சிப்பூ. எத்தனையோ பார்த்த டாக்டர்தான். ஆனாலும் அந்தப் பின்னலைப் பார்த்ததும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை, பென்சில் பருமனுள்ள ஒரு நீளக் குழாயைத் தாணம்மையின் மூத்திரப் பைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். குழாயின் நுனியில் அரிசிமணி அளவில் ஒரு விளக்கு, இந்தப் பக்கம் கண் வைத்துப் பார்க்கக் கண்ணாடி. பைக்குள் சுத்தமான தண்ணீரை நிரப்பிவிட்டு டாக்டர் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க வாங்க" என்றாள் டாக்டர் கடைசியில். "சொன்னா நம்பமாட்டீங்க. நீங்களே பாருங்க."

அழகியநாயகி ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணைக் குழாயில் வைத்தாள்.

உள்ளே ஒரு சின்ன அறை இருந்தது. சுவரெல்லாம் சிவப்பு. ஆளில்லாத அறையில் விளக்கு எரிவதுபோல் எரிந்தது. ஒரு பக்கச் சுவரில் சிறு பொத்தல். அந்தப் பொத்தலிலிருந்து செம்பட்டை முடி கற்றையாக வெளியே தொங்கி, குளத்துப் பாசிபோலத் தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது. முடி நுனிகளில் வெள்ளை வெள்ளையாகக் கல் கட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்து, முடியை மட்டும் இந்தப் பக்கம் போட்டிருக்கிற மாதிரி இருந்தது. தாணம்மை மூச்சு விடும்போதெல்லாம் அது ஆடியது.

"வடிவு" என்று குழாய்க்குள் கூப்பிட்டாள் அழகியநாயகி. அவளை டாக்டர்தான் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

பிற்பகலில் மின்சாரத்துக்கு எஞ்சினை ஓட்டி எக்ஸ்ரே எடுத்தார்கள். செல்லபாய் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இடுப்பெலும்பு புகைபோலத் தெரிந்தது. மூத்திரப் பைக்குப் பக்கத்தில் பளீரென்று வெள்ளையாகச் சில துண்டுகள் தெரிந்தன.

"இது என்ன தெரியுதா? பல்லு."

கோலப்பன் படத்தைவிட்டு இரண்டடி தள்ளிப் போனான். அழகியநாயகி படத்தருகே போய் உற்றுப் பார்த்தாள். பல்லேதான், வேரும் முனையுமாக. அவள் முகத்தில் பயம் இல்லை. மெள்ளச் சிரித்தாள்.

"பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருக்கு" என்றாள். "வயித்தோட போனாள்ளா? மூணு வருஷமாச்சே, முளைக்கும்லா."

நர்ஸ் ஒருத்தி ஜெபம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டாள்.

"ஆச்சி, கேளுங்க" என்றாள் டாக்டர். "உள்ளே பழுத்துக் கிடக்கு. சீழ் மேலே ஏறி ரெண்டு சிறுநீரகத்துக்கும் போகுது. நாளைக்கு வயித்தைத் திறந்து எடுத்தாத்தான் இவ பிழைப்பா. அதுலயும் பயம் இருக்கு, நான் மறைக்கல்ல. எடுக்காட்டிப் பயமே இல்ல, கட்டாயம் செத்துப்போவா."

"அத்தை சொன்னா சரி" என்றான் கோலப்பன். வயலில் பத்து ஆளை ஏவுகிறவன்தான். ஆனால் செத்த பெண்டாட்டியும் இருக்கிற பெண்டாட்டியும் ஒரே உடம்பில் கிடக்கிறார்கள் என்றால் எவன் வாய் திறப்பான்? தாணம்மையும் "அம்மை சொல்லட்டும்" என்றுவிட்டாள்.

"அறுக்கண்டாம்" என்றாள் அழகியநாயகி.

டாக்டர் திட்டினாள், கெஞ்சினாள். அழகியநாயகி செப்பை நெஞ்சோடு அணைத்தபடி கட்டிலருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவை வடிவை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று. திரும்பி வந்தவளைக் கத்திக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். மூத்தவளை ஒரேயடியாக அனுப்பினால்தான் இளையவள் பிழைப்பாள். இப்படி ஒரு கணக்கை எந்தத் தாயிடமும் யாரும் கேட்கக்கூடாது என்று அவள் மனம் கொதித்தது.

வெயில் சாயும் நேரம், டாக்டரும் கோலப்பனும் வெளியே இருந்தார்கள். தாணம்மை தலையைத் திருப்பினாள்.

"அம்மை. அன்னைக்குப் பாரமா இருக்குன்னு சொன்னது அக்கா இல்ல."

அழகியநாயகி நிமிர்ந்தாள்.

"நானாக்கும் சொன்னேன். எனக்குத்தான் பாரமா இருந்துது. குளிரில நாக்கு புரளல்ல, குரல் அப்படி வந்துது. நீ அக்கான்னு நினைச்சு வயித்தைத் தடவினே. ஒரு வாட்டிகூட நீ என்னை அப்படித் தடவினதில்ல. அதனால பேசாமக் கிடந்தேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அக்கா போனப்போ எனக்குள்ள தேடினே. நான் போனா என்னை யாருக்க உள்ளே தேடுவ? மூணாமத்தவ இல்லியே அம்மை."

கோபமாகச் சொல்லியிருந்தால் அழகியநாயகி தாங்கியிருப்பாள். பிள்ளை நிஜமாகவே தெரியாமல் கேட்டது. அழகியநாயகி கட்டிலைப் பிடித்து எழுந்தாள். முதல் தடவையாக மகளின் நெற்றியில் கை வைத்தாள். சூடு அவள் கையைச் சுட்டது. இவ்வளவு நாளும் இது எங்கே இருந்தது என்று திடுக்கிட்டு, வராந்தாவுக்கு ஓடினாள்.

"டாக்டரம்மா! எடுத்துருங்க! நாளைக்கு வேண்டாம், இப்பவே எடுத்துருங்க!"

டாக்டர் இருட்டில் கத்தி வைக்கமாட்டாள். மறுநாள் விடிந்ததும்தான் கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே குளோரோபாம் வாசனை வந்துகொண்டிருந்தது. அழகியநாயகி சுசீந்திரத்துத் தாணுமாலயனைக் கூப்பிட்டாள். தாணம்மைக்கு அவன் பெயரை வைக்கும்போது கூப்பிட்டதோடு சரி, அதற்குப் பிறகு இப்போதுதான் அந்தப் பெயரை வாயாரச் சொல்கிறாள். செப்பை எங்கே வைத்தோம் என்றுகூட அவளுக்கு நினைவில்லை. அது பெஞ்சுக்கு அடியில் கிடந்தது.

டாக்டர் வெளியே வந்தபோது முகத்தில் வேர்வை வழிந்தது. "உயிர் இருக்கு. தைச்சிருக்கேன். காய்ச்சல் இறங்கணும், மீதி ஆண்டவர் கையில" என்றாள். பின்னால் நர்ஸ் ஒரு வெள்ளைத் தட்டைக் கொண்டு வந்தாள்.

தட்டில், கிழிந்த பைபோல ஒரு சதைத் துண்டு. அதற்குள் மஞ்சள் மெழுகில் தோய்ந்த செம்பட்டை முடி உருண்டை, ஓரத்தில் பற்கள், தனியாக எடுத்து வைத்த வெள்ளைக் கற்கள். முகம் இல்லை, கை இல்லை, கால் இல்லை. அழகியநாயகி முகத்தைத்தான் தேடினாள்.

"பிள்ளை எங்கே?"

"இதில பிள்ளையும் இல்ல, உங்க மூத்த மகளும் இல்ல" என்றாள் டாக்டர். அவள் குரலில் வழக்கமான வெடுவெடுப்பு இல்லை. "சிலபேருக்குப் பிறக்கும்போதே கருப்பைக்குப் பக்கத்தில இப்படி ஒரு கட்டி இருக்கும். அதுக்குள்ளே தோல் இருக்கும். தோல் இருந்தா முடி முளைக்கும், சிலதுல பல்லும் முளைக்கும். வளந்து வளந்து மூத்திரப் பையில ஒட்டி, பொத்துக்கிட்டு முடி அந்த வழியா வந்திருக்கு. முடியில உப்புப் படிஞ்சு கல்லாச்சு."

"ஆனா, செம்பட்டையா இருக்கே?"

"வெயிலு காணாத முடி பலபேருக்கு அப்படித்தான் இருக்கு. நான் படிக்கும்போது வெள்ளைக்காரி முடிபோல ஒண்ணு பாத்திருக்கேன். இது வெளியிலருந்து எவளும் கொண்டு வச்சதில்ல ஆச்சி. இவ பிறக்கும்போது இவகூடப் பிறந்தது."

"இவளுக்க முடியா?"

"இவளுக்க முடிதான்."

அழகியநாயகி வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சீயக்காய் போட்டுக் கழுவியது, எண்ணெய் தடவி வாரியது, முதல் பூ வைத்தது, ஊர்க்கதையெல்லாம் சொன்னது, எல்லாம் இவளுடைய முடிக்கு. அடுத்த அறையில் சுருண்டு கிடந்தவளின் முடிக்கு. அது தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பெஞ்சுக்கு அடியில் கிடந்த செப்பிலிருந்து வடிவாம்பாளின் சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னலைத் தட்டில் வைத்தாள். "இதையும் அதோட போட்டுருங்க" என்றாள்.

காய்ச்சல் இறங்க வெகுநாளாயிற்று. இரண்டு தடவை கைவிட்டுப் போகப் பார்த்தது. அதற்குள் கோலப்பன் அறுப்புக்குக் காத்திராமல் ஆள் கூட்டிப்போய், சுமைதாங்கியின் குறுக்குக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டான். டாக்டர் சொன்னதெல்லாம் சரிதான் அத்தை, ஆனாலும் அது அப்படிக் கிடக்கவேண்டாம் என்றான். அழகியநாயகி தலையாட்டினாள்.

தாணம்மை சுவரில் சாய்ந்து உட்காரத் தொடங்கிய அன்று, அழகியநாயகி அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். நோயில் கிடந்து சிக்குப் பிடித்துப்போன கறுத்த முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் விட்டுப் பிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தலையை அவள் தொட்டதே இல்லை. உச்சியில் ஒரு சுழி இருந்தது, இடது காதுக்குப் பின்னால் மச்சம் இருந்தது. பெற்றவளுக்கே எல்லாம் புதிதாய் இருந்தது.

சீப்பை எடுத்துப் பார்த்தாள். உதிர்ந்த கறுப்பு முடிகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று செம்பட்டை. வெளிச்சத்தில் செம்புக்கம்பிபோல மினுங்கியது.

சீப்பில் முன்பே இருந்ததாக இருக்கலாம். செப்பில் இருந்த முடியை வாரிய சீப்புத்தானே. அல்லது அதற்கும் முன்பு அந்தச் சீப்பால் வாரிக்கொண்டவளுடையதாக இருக்கலாம். இப்போது இந்தத் தலையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அழகியநாயகிக்குப் பழைய ஆசை திரும்ப வந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாராவது திரும்புவார்களோ?

"என்னம்மை, நிறுத்திட்டே?" என்றாள் முன்னால் இருந்தவள், திரும்பாமல்.

அழகியநாயகி அந்த முடியை விரலால் உருவி ஜன்னலுக்கு வெளியே விட்டாள். காற்று கொண்டுபோகும்வரை பார்த்துவிட்டு, சீப்பை முந்தானையில் துடைத்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "தலையைக் கொஞ்சம் இங்கிட்டுச் சாய், தாணம்மை."